ஆட்டத்தின் விதியை எழுதுவது யார்?

2018 ஜனவரி. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் உள்ள ‘பவுண்ட்மேக்கர் க்ரீ நேஷன்’ என்ற பூர்வகுடிச் சமூகத்தின் தலைவர்களில் ஒருவரான மில்ட்டன் டூட்டூசிஸ், ஒரு வீடியோ கேமைக் கண்டித்துப் பேசினார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் ஆடும் ‘சிவிலைசேஷன் 6’தான் அந்த கேம். அதன் புதிய விரிவாக்கத்தில் க்ரீ மக்களையும் ஒரு நாகரிகமாகச் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வைத்தது, 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பவுண்ட்மேக்கரை. டூட்டூசிஸின் சமூகம் இன்றும் அந்தத் தலைவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பார்த்தவுடன் பாராட்டத் தோன்றும் காரியம் இது. ரோமும் எகிப்தும் சீனாவும் நிற்கிற வரிசையில் க்ரீ மக்களுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. திரையில் பவுண்ட்மேக்கர் க்ரீ மொழியிலேயே பேசுகிறார். கூட்டணி அமைப்பதும் வணிகம் செய்வதுமே அவருக்குத் தரப்பட்ட சிறப்புத் திறன்கள். அவரை ரத்தவெறி பிடித்தவராக யாரும் வரையவில்லை. தயாரிப்பாளர்கள் பொறுப்போடு உழைத்திருக்கிறார்கள் என்பது ஆடிப் பார்க்கும் எவருக்கும் தெரியும்.

அப்படியிருந்தும் டூட்டூசிஸ் சொன்னது நியாயம். பிறர் நிலத்தைப் பிடித்து ஆள வேண்டும் என்ற காலனியவாதிகளின் எண்ணம் பூர்வகுடிகளுக்கும் இருந்தது என்கிற பொய்யை இந்த கேம் மீண்டும் பரப்புகிறது என்றார் அவர். தங்கள் சமூகத்தாரிடம் யாரும் வந்து கலந்து பேசியதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

இந்த வகை கேம்களின் இலக்கணம் நான்கே வினைகளில் அடங்கிவிடும்: தேடு, விரி, சுரண்டு, அழி. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை; இந்த வகையைக் குறிக்க கேம் உலகமே பயன்படுத்தும் விளக்கம் இதுதான். வெற்று நிலத்தில் ஊர் அமைக்க வேண்டும். எல்லையை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். காட்டை வெட்ட வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும். யாரும் இல்லாத நிலம் என்றால் அது எடுத்துக்கொள்வதற்காகவே காத்திருக்கிறது என்பது விதி. நாகரிகம் என்ற தகுதி கிடைக்காத மக்கள் இந்த கேமில் ‘காட்டுமிராண்டிகள்’ என்ற பெயரில் வருவார்கள். அவர்களை விரட்டினால் பரிசு உண்டு. இப்படி ஒரு விதிக்குள் பவுண்ட்மேக்கரைக் கொண்டுபோய் உட்காரவைத்தால், அவர் எந்த மொழியில் பேசினால் என்ன? எந்த உடை உடுத்தினால் என்ன? ஆடுகிறவர் அவர் பெயரால் செய்யப்போவது நிலத்தைப் பிடிப்பதுதான்.

உண்மையான பவுண்ட்மேக்கர் யார்? 1876-ல் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் பேசப்பட்டபோது, எங்கள் நிலத்தைத் துண்டு போட்டுத் திருப்பிக் கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டவர். 1885-ல் கட் நைஃப் குன்றருகே அவருடைய முகாமை ராணுவம் விடியற்காலையில் தாக்கியது. க்ரீ வீரர்கள் எதிர்த்து நின்று விரட்டினார்கள். பின்வாங்கி ஓடும் படையைத் துரத்திச் சென்று கொல்ல வேண்டாம் என்று தன் வீரர்களைத் தடுத்தவர் பவுண்ட்மேக்கர். அதற்குக் கிடைத்த கைம்மாறு, தேசத்துரோகக் குற்றச்சாட்டும் சிறையும். உடல் உடைந்து வெளியே வந்தவர் 1886-ல் இறந்துபோனார். 2019 மே மாதம் கனடாவின் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, பவுண்ட்மேக்கரின் பெயர் தாங்கிய அந்தச் சமூகத்தின் ஊருக்கே வந்து, அவர் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டார். துரத்திப் போகாமல் நின்றதுதான் அந்த மனிதரின் வாழ்வில் உச்சமான தருணம். நிற்பதற்கு அந்த கேமில் வெற்றிப் புள்ளி கிடையாது.

பூர்வகுடிகள் வீடியோ கேம்களில் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்ற விவாதம் பெரும்பாலும் முகம், உடை, இறகு, மொழி என்பதோடு நின்றுவிடுகிறது. அவை முக்கியம்தான். ஆனால், ஒரு கேம் பேசுவது விதிகளால். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்பதில்தான் ஓர் உலகப் பார்வை ஒளிந்திருக்கிறது. அந்த விதியை எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாட்குறிப்பு எழுதியவர்களின் பாதை

கேம் உலகம் தொடங்கிய இடம் மிகவும் கீழான இடம். 1982-ல் அட்டாரி கருவிக்காக ‘கஸ்டர்ஸ் ரிவெஞ்ச்’ என்ற கேம் வந்தது. கட்டிப்போடப்பட்ட ஒரு பூர்வகுடிப் பெண்ணை வெள்ளைக்காரத் தளபதி வல்லுறவு செய்வதே அதில் ஆடுபவரின் இலக்கு. பெண்கள் அமைப்புகளும் பூர்வகுடி அமைப்புகளும் தெருவில் இறங்கிப் போராடின. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அது எல்லோருக்கும் தெரியும் அருவருப்பு. எவரும் இன்று அதை நியாயப்படுத்த மாட்டார்கள்.

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவைதான் அதிகம் யோசிக்கவைக்கின்றன. 1971-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கப் போன டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், தன் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ‘ஆரிகன் டிரெயில்’ என்ற கேமை எழுதினார். அப்போது வகுப்பில் கணினித் திரையே கிடையாது. டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் அச்சடித்துக் கேள்வி கேட்கும். பிள்ளைகள் பதிலைத் தட்டச்சு செய்வார்கள். வேட்டையாட வேண்டுமானால் ‘பேங்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் வேகமாக அடிக்க வேண்டும். 1840-களில் கூண்டு வண்டி பூட்டிக்கொண்டு மேற்கே குடியேறப் போன வெள்ளைக்காரக் குடும்பங்களின் பயணம் அது. பின்னாளில் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி நிறுவனம் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதை ஆடி வளர்ந்தது.

ராவிட்ச் அசிரத்தையாக எதையும் செய்யவில்லை. குடியேறிகள் எழுதிய நாட்குறிப்புகளைத் தேடிப் படித்து, வழியில் எந்த இடத்தில் எந்த ஆபத்து எவ்வளவு நேரும் என்று கணக்குப் போட்டுத் தன் நிரலைத் திருத்தினார். நேர்மையான உழைப்பு. ஆனால், நாட்குறிப்பு எழுதியவர்கள் எல்லோரும் வண்டிக்குள் இருந்தவர்கள். வண்டி யாருடைய ஊரின் வழியே போனதோ, அவர்களுடைய கணக்கு அந்த நிரலில் ஏறவில்லை. 1985-ல் வந்த புகழ்பெற்ற பதிப்பில் ஒரு விதி உண்டு. ஆயிரம் பவுண்டு இறைச்சிக்குக் காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளினாலும், வண்டிக்கு 100 பவுண்டுதான் தூக்கிவர முடியும். மீதி புல்வெளியில் கிடக்கும். கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் சில நூறாகச் சுருங்கியதையும், அவற்றை நம்பி வாழ்ந்த சமவெளி மக்கள் பட்டினியால் மடங்கியதையும் அறிந்தவர்கள், அந்த ஒற்றை விதியை ஒரு குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டும். சுடுவது விளையாட்டு, கிடப்பதைப் பற்றிக் கேள்வி இல்லை.

2021-ல் வந்த புதிய பதிப்பில் பூர்வகுடி வரலாற்றாசிரியர்களின் ஆலோசனை கேட்டு, பூர்வகுடிப் பாத்திரங்களையும் ஆடும்படி மாற்றினார்கள். வரவேற்கிறேன். என்றாலும், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வேறொரு பதில் வந்துவிட்டது. ‘வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்’ என்ற அந்த கேமைப் பூர்வகுடி நில உரிமைக்காக இயங்கும் ஓர் அறக்கட்டளையும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேம் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கின. ஆனிஷினாபே, மெட்டி மரபைச் சேர்ந்த எலிசபெத் லபென்சே அதன் படைப்பு இயக்குநர். டோங்வா இன ஓவியர் வெஷோயோட் அல்வித்ரே படம் வரைந்தார். இருபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி எழுத்தாளர்கள் தங்கள் தங்கள் பகுதியின் காட்சிகளை எழுதினார்கள்.

இதிலும் பயணம் உண்டு. மேற்கே போவதும் உண்டு. ஆனால், போகிறவர் குடியேறி அல்ல, துரத்தப்பட்டவர். 1890-களில் மினசோட்டாவில் தன் நிலத்தை இழந்த ஓர் ஆனிஷினாபே மனிதர் கலிஃபோர்னியா வரை நடக்கிறார். 1887-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த டாஸ் சட்டம், பொதுவில் வைத்திருந்த பூர்வகுடி நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாக வெட்டி, ‘மீந்ததை’ விற்றது. அப்போது அவர்களிடம் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934-ல் மிஞ்சியது 4.8 கோடி ஏக்கர். பாடப்புத்தகத்தில் இது ஒரு புள்ளிவிவரம். கேமில் இது ஒவ்வொரு ஊரிலும் சந்திக்கும் ஒரு முகம்: பட்டா வாங்கலாமா என்று தவிக்கும் குடும்பம், கேள்வி கேட்கும் அரசு ஏஜென்ட், மருந்து மூலிகையைப் பகிரும் மூதாட்டி. உடல் நலம் மட்டும் இருந்தால் இந்தப் பயணத்தில் போதாது. மனமும் உணர்வும் ஆன்மாவும் சேர்ந்து சமநிலையில் இருக்க வேண்டும். கொடுப்பதும் பெறுவதும் மரியாதை செய்வதும் ஆட்டத்தின் செயல்கள். அதே கண்டம், அதே நூற்றாண்டு. விதி மாறியதும் வரலாறே வேறாகத் தெரிகிறது.

ஒரு கதைக்கு அனுமதி

பூர்வகுடிகள் தங்கள் பணத்தைப் போட்டுத் தங்கள் கேமைத் தயாரித்த கதை அலாஸ்காவில் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கரேஜ் நகரில் ‘குக் இன்லெட் பழங்குடி மன்றம்’ என்ற அமைப்பு, கல்வி, வேலைவாய்ப்பு, போதை மீட்பு என்று அலாஸ்கா பூர்வகுடிகளுக்குச் சேவை செய்கிறது. அரசு மானியத்தை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவது என்ற கவலை அதன் தலைவர் குளோரியா ஓ’நீலுக்கு இருந்தது. சொந்த வருமானத்துக்கு வழி தேடியபோது, நம் பிள்ளைகள் எல்லோரும் ஆடுவது வீடியோ கேம்தானே, அதையே நாம் செய்தால் என்ன என்று அவர் கேட்டார். சேவை அமைப்பு ஒன்று கேம் தொழிலில் இறங்குவதா என்று யாருக்கும் தயக்கம் வரும். மன்றம் இறங்கியது. 2012-ல் ‘அப்பர் ஒன் கேம்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ‘ஈ-லைன் மீடியா’ என்ற அனுபவமுள்ள நிறுவனத்தோடு கைகோத்தது. 2014 நவம்பரில் ‘நெவர் அலோன்’ வெளிவந்தது.

எந்தக் கதையைச் செய்வது? முடிவில்லாமல் வீசும் பனிப்புயலின் மூலத்தைத் தேடிப் போகும் பிள்ளையின் கதை, இன்யூப்பியாக் மக்களிடையே வழங்கிவந்தது. ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லேண்ட் என்ற புகழ்பெற்ற கதைசொல்லி சொன்ன வடிவம் பதிவாகியிருந்தது. அவர் காலமாகிவிட்டார். சட்டப்படி பார்த்தால், பழங்கதை யாருக்கும் சொந்தமில்லை. எடுத்துக்கொள்ள யாருடைய கையெழுத்தும் தேவைப்பட்டிருக்காது. குழுவினர் அப்படிச் செய்யவில்லை. கிளீவ்லேண்டின் மகள் மின்னி கிரேயைத் தேடிச் சென்று அனுமதி கேட்டார்கள். மூலக்கதையில் வருவது ஆண்பிள்ளை. கேமில் நூனா என்ற சிறுமி. அந்த மாற்றத்தையும் பேசித்தான் செய்தார்கள். அனுமதி கேட்டால் படைப்புச் சுதந்திரம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கதைக்கு உரியவர்கள் கதையைப் பூட்டிவைக்கவில்லை. மாற்றத் தெரிந்ததால்தானே வாய்மொழிக் கதை இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

கேமை ஆடிப் பாருங்கள். நூனாவுக்குத் துணை ஒரு வெள்ளைப் பனிநரி. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் சிறுமி, ஒருவர் நரி. பனிப் பாளங்களுக்கு இடையே தாவும்போது புயல் எதிரே வீசும். காற்று எழும் ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்தி நூனாவைக் குனிந்து தரையோடு தரையாகப் பதுங்கவைக்க வேண்டும். தாமதித்தால் காற்று தூக்கிக் கடலில் எறிந்துவிடும். அதே காற்று முதுகுக்குப் பின்னால் வரும்போது தாவினால், தாண்டவே முடியாத இடைவெளியையும் தாண்டிவிடலாம். புயலைச் சுட்டு வீழ்த்த முடியாது. அதன் போக்கை அறிந்து பணியவும் எழவும் கற்றுக்கொள்வதுதான் ஆட்டம். சிறுமியின் கையில் துப்பாக்கி இல்லை. கயிற்றில் கல் கட்டிய போலா என்ற எறிகருவி இருக்கிறது. நரிக்கு இன்னொரு திறமை உண்டு. அது அருகே வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஆவிகள் உருக்கொண்டு, கால் வைக்கப் படியாக நிற்கும். ஒருவரை விட்டு ஒருவர் ஓரடி நகர முடியாது. பகிர்ந்துண்ணும், சேர்ந்து வேட்டையாடும் ஒரு சமூகத்தின் வாழ்க்கைமுறையை வசனத்தில் சொல்லாமல் விரல்நுனியில் உணரவைத்திருக்கிறார்கள்.

கதையைச் சொல்லும் குரல் இன்யூப்பியாக் மொழியில் மட்டுமே வரும். உலகில் யார் ஆடினாலும் அந்த மொழியைக் கேட்டுக்கொண்டு, அடியில் ஓடும் எழுத்தைப் படிக்க வேண்டும். வழியில் ஆந்தைகளைக் கண்டுபிடித்தால் சிறுசிறு ஆவணப்படங்கள் திறக்கும். மொத்தம் 24. பனிக்கட்டியின் குணம், மேளம், வேட்டையில் கிடைத்ததைப் பங்கிடும் முறை என்று அந்த ஊர்ப் பெரியவர்களே இன்றைய உடையில், இன்றைய வீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால், திரைகளில் பூர்வகுடிகள் எப்போதும் கடந்தகாலத்தவர்கள். அழிந்துபோனவர்கள் அல்லது அழியப்போகிறவர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று அவர்களே வந்து சொல்லும்போது அந்தப் பொய் உடைகிறது. ஏறத்தாழ 40 முதியவர்களும் கதைசொல்லிகளும் இதில் பங்களித்தார்கள். இன்யூப்பியாக், ட்லிங்கிட் மரபைச் சேர்ந்த இஷ்மயில் ஹோப் எழுத்துப் பணியில் இருந்தார்.

கேமாக அதில் குறைகள் உண்டு. தனியாக ஆடினால் துணைப் பாத்திரம் சில இடங்களில் தடுமாறி நம்மைக் கொன்றுவிடும். அன்றைய விமர்சகர்கள் அதைச் சொன்னார்கள், சரிதான். ஆனாலும் 2015-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த முதல் கேமுக்கான விருதை அதற்குத் தந்தது. தமிழர்களுக்கு இந்த விருதின் பெயர் நினைவிருக்கும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதையாக்கிய ‘வெண்பா’ 2024-ல் பெற்றதும் அதே விருதைத்தான். டொரொன்டோவில் ஒரு தமிழ் இளைஞர் தொடங்கிய சிறு நிறுவனம் அதைச் செய்தது. கேமில் இட்லி வேகும் சத்தத்தையும் பழைய தமிழ்ப் பாட்டின் சாயலையும் கேட்டு நம் பிள்ளைகள் நெகிழ்ந்தார்களே, அந்த நெகிழ்ச்சிக்குக் காரணம், யாரோ நம்மைப் பற்றி ஆராய்ந்து செய்ததல்ல அது என்பதுதான். நமக்கு நேர்ந்த அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு யோசித்தால், இன்யூப்பியாக் பிள்ளைகளுக்கு நூனா யார் என்பது புரிந்துவிடும்.

ஆலோசகர் இருக்கை

பெரிய நிறுவனங்கள் முன்னைவிடத் திருந்தியிருக்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. 2012-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘அசாசின்ஸ் க்ரீட் 3’ கேமின் நாயகனாக ஒரு மோஹாக் இளைஞனை வைத்தது. மான்ட்ரியல் நகருக்கு எதிரே ஆற்றின் தென்கரையில் உள்ள கானவாகே என்ற மோஹாக் ஊரிலிருந்து பண்பாட்டு ஆலோசகர்களை அழைத்தது. நாயகன் தன் ஊராரோடு தாய்மொழியில் பேசினான். சடங்கு முகமூடிகளைக் காட்ட நினைத்தார்கள். அவை சடங்குக்கு வெளியே காட்டக் கூடாதவை என்று சொல்லப்பட்டதும் எடுத்துவிட்டார்கள். எதிரியின் தலைத்தோலை உரிப்பதும் ஒரு கட்டத்தில் கேமில் இருந்தது, அதையும் நீக்கினார்கள்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’ கேமின் 2020 பதிப்பில் நடந்த மாற்றம் இன்னும் ஆழமானது. பழைய பதிப்பில் பூர்வகுடிகளும் ஐரோப்பியர்களைப் போலவே தங்கச் சுரங்கம் தோண்டினார்கள். நிலத்தின் வயிற்றைக் கிழிப்பது தங்களுக்கு ஒவ்வாத செயல் என்று லகோட்டா ஆலோசகர் சொன்ன பிறகு, லகோட்டா, ஹோடனோஷோனி மக்களுக்கு அந்த வினையே நீக்கப்பட்டது. வேறு வழியில் செல்வம் சேர்க்கும்படி அமைத்தார்கள். அந்நியர் வைத்த ‘சூ’, ‘இரோக்வா’ ஆகிய பெயர்களும் போயின. உடையைத் திருத்துவதோடு நிற்காமல் விதியையே திருத்திய அரிய உதாரணம் இது. முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இன்னோர் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘சிவிலைசேஷன் 5’ கேமின் ஒரு விரிவாக்கத்தில், நியூ மெக்சிகோவின் பியூப்லோ மக்களைச் சேர்க்க நினைத்தார்கள். 1680-ல் ஸ்பானியர்களை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தி, பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களைத் தங்கள் நிலத்துக்கு வெளியே நிறுத்திய போப்பேதான் தலைவர். தயாரிப்பாளர்கள் பியூப்லோ தலைவர்களிடம் போய்க் கேட்டார்கள். போப்பேயை உருவமாகக் காட்டிப் பேசவைப்பது எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது, வேண்டாம் என்றார்கள் அவர்கள். தயாரிப்பாளர்கள் கைவிட்டு, ஷோஷோனி மக்களைச் சேர்த்தார்கள். 2013-ல் கேம் வெளிவந்து நன்றாகவே விற்றது. வேண்டாம் என்ற பதிலால் யாரும் நஷ்டப்படவில்லை. அதே தொடரின் அடுத்த கேமில்தான் பவுண்ட்மேக்கர் வந்தார்.

ஆலோசகரை வைத்துச் செய்வதன் எல்லை இங்கேதான் தெரிகிறது. ஒரு கேமில் கேட்டார்கள். அடுத்த கேமில், டூட்டூசிஸ் போன்ற சமூகத் தலைவருக்கே தெரியாமல் பவுண்ட்மேக்கர் வந்துவிட்டார். கேட்பதும் கேட்காமல் விடுவதும் நிறுவனத்தின் விருப்பம். ஆலோசகர் சம்பளத்துக்கு வருகிறார், முகமூடி வேண்டாம் என்கிறார், போய்விடுகிறார். கேம் விற்ற பணத்தில் அவருடைய ஊருக்குப் பங்கு இல்லை. அடுத்த பாகம் எடுக்கலாமா, பாத்திரத்தைப் பொம்மையாக விற்கலாமா என்பதில் அவர்களுக்குக் குரல் இல்லை. நல்ல மனிதர்கள் பதவியில் இருக்கும்வரை நல்லது நடக்கும் என்பது உரிமை அல்ல, தயவு.

2007-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தின் 31-வது பிரிவு, வாய்மொழி மரபு, வடிவங்கள், கலைகள், மரபு விளையாட்டுகள் ஆகியவற்றைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு என்கிறது. 144 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் ஆதரித்தது. எதிர்த்து வாக்களித்தவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பின்னர் நான்கும் நிலையை மாற்றிக்கொண்டன. ஆனாலும் பிரகடனம் சட்டமாகாது. பதிப்புரிமைச் சட்டம், ஒரு தனி எழுத்தாளர் இறந்து சில பத்தாண்டுகள் வரை அவர் எழுத்தைக் காக்கும். ஒரு சமூகமே நூற்றாண்டுகளாகக் காத்துவந்த கதையைக் காக்காது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 2024-ல் கொண்டுவந்த உடன்படிக்கை மரபணு வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் பற்றியது. கதைகளுக்கும் பாடல்களுக்கும் அத்தகைய உடன்படிக்கை இன்னும் பேச்சுவார்த்தையிலேயே இருக்கிறது. அதனால்தான் மின்னி கிரேயிடம் கேட்ட அனுமதி சட்டத்தின் கட்டாயமாக இல்லாமல், அறத்தின் பேரில் நடந்த காரியமாக நிற்கிறது.

கோபப்படவும் கனவு காணவும்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேம் தங்கள் சொந்தக் கையில் வந்தால் பூர்வகுடிகள் நமக்குப் பழங்கதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒரு விலங்கு.

லபென்சே 2017-ல் ‘தண்டர்பேர்ட் ஸ்ட்ரைக்’ என்று ஒரு சிறிய கேம் செய்தார். ஆல்பெர்ட்டாவின் எண்ணெய் மணல் வயல்களிலிருந்து பேரேரிகள் வரை இடிப்பறவை பறந்து போகும். மேகத்திலிருந்து மின்னலைச் சேர்த்துக்கொண்டு, அதைக் கீழே எறிந்து எண்ணெய் இயந்திரங்களைத் தகர்க்கலாம். அல்லது செத்துக் கிடக்கும் விலங்கின் எலும்பில் பாய்ச்சி உயிர்ப்பிக்கலாம். எண்ணெய்க் குழாய் ஒரு பெரும் பாம்பாக வரும். தங்கள் குடிநீருக்கு அடியில் குழாய் ஓடும் மக்களின் கோபம் அது. எண்ணெய்த் தொழில் ஆதரவு அமைப்பு ஒன்று அந்த கேமைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துப் பேசியது. கலைக்கான பொது நிதியில் சில ஆயிரம் டாலர் இதற்குப் போனது எப்படி என்று அரசியல்வாதிகள் கேட்டார்கள். பறவையும் மின்னலும் வரைந்த கேம் தேசத்துக்கு ஆபத்தாம். ஊர் ஊராகப் பிடித்து அழிக்கும் நூற்றுக்கணக்கான கேம்களைக் கண்டு அதுவரை யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

நாப்தாலி ஃபாக்னர் என்ற மாவோரி படைப்பாளியின் ‘உமுராங்கி ஜெனரேஷன்’ 2020-ல் வந்தது. நியூசிலாந்தின் டௌரங்கா நகரில், நெருங்கிவரும் எதிர்காலத்தில் நடக்கிறது. நம் கையில் இருப்பது கேமரா மட்டும். ராணுவம் ஊரை நிரப்பியிருக்கிறது; உலகம் முடிந்துகொண்டிருக்கிறது; இளைஞர்கள் சுவரில் எழுதிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கிறார்கள். நாம் படம் எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். என்ன நடந்தது என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சட்டகத்துக்குள் எதை வைக்கிறோமோ அதிலிருந்து நாமே கண்டுகொள்ள வேண்டும். 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் வானம் சிவந்து கிடந்த நாட்களிலிருந்து பிறந்த கேம் இது. அதில் புராணம் இல்லை, இறகு இல்லை. பேரழிவைச் சந்திக்கும் கடைசித் தலைமுறையின் சலிப்பும் கோபமும் இருக்கிறது. 2021-ல் சுயாதீன கேம்களுக்கான விழாவில் தலைசிறந்த பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

ஆனால் பணம்? ‘வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்’ இலவசம். பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் ஹுனி குயின் மக்களும் ஒரு மானிடவியலாளர் குழுவும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட கேமும் இலவசம். பள்ளிகளுக்குப் போய்ச் சேர அது நல்லதுதான். அதற்காக, பூர்வகுடிப் படைப்பாளி எப்போதும் நல்கைக்கு மனுப் போட்டு ஒரு கேம் செய்துவிட்டு, அடுத்த நல்கைக்குக் காத்திருப்பதை இயல்பு என்று ஏற்க முடியாது. அலாஸ்கா மன்றம் தன் பணத்தைப் போட்டு, பங்குதாரராகவும் உட்கார்ந்த கதையை நான் விரிவாகச் சொன்னது இதனால்தான்.

மான்ட்ரியலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஜேசன் எட்வர்ட் லூயிஸும், கானவாகேவைச் சேர்ந்த கலைஞர் ஸ்காவெனாட்டியும் நடத்தும் ஆய்வுக் குழு ஒன்று உண்டு. 2008-ல் அவர்கள் கானவாகே பள்ளியில் பட்டறை தொடங்கினார்கள். பெரியவர்கள் வகுப்புக்கு வந்து கதை சொன்னார்கள். பிள்ளைகள் அதிலிருந்து எதை எடுப்பது, எந்த அரக்கனை எப்படி வரைவது, யார் வென்றால் ஆட்டம் முடியும் என்று வாதம் செய்து, நிரல் எழுதக் கற்று, ஒரு கேமை முடித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த பெருநிறுவனம் அதே மக்களில் ஒருவனை நாயகனாக்கி உலகம் முழுக்க விற்றது. அந்தப் பட்டறை பிறகு ஹவாய் வரை போயிருக்கிறது. ஆலோசகரைத் தேடி ஆற்றைக் கடந்து வரும் நிறுவனங்கள், அந்த வகுப்பறையிலிருந்து வெளிவருகிறவர்களிடம் கேமையே ஒப்படைக்கலாம். முதலீட்டையும், வருமானத்தில் பங்கையும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்துப் பிறகு மனம் மாறிய நான்கு நாடுகளும், கேம் தொழிலுக்குத் தாங்கள் அள்ளித் தரும் வரிச்சலுகையோடு இந்த நிபந்தனையைச் சேர்ப்பதற்கு ஒரு புதிய உடன்படிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.